கூண்டுப் பறவைக்குக் குளியல்: தண்ணீரை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பறவையைக் கையில் பிடித்து, குழாயைத் திறந்து, அதன் கீழே காட்டிக் கழுவாதீர்கள். நாய் வளர்த்துப் பழகியவர்கள் பறவை வாங்கியதும் செய்யப் பார்ப்பது இதைத்தான். பறவைக்கு நமக்கு இருக்கிற உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போகும், வெளியே வரும். நழுவிவிடுமோ என்று மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தீர்களானால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அதனால் மூச்சு விட முடியாது. அந்த நேரம் பார்த்து மூக்கில் தண்ணீரும் ஏறினால் ஆபத்துதான். ஒன்றும் ஆகாமல் தப்பித்தாலும், அப்புறம் உங்கள் கையைக் கண்டாலே கூண்டின் மூலைக்கு ஓடும்.

குளிக்க அதற்கே தெரியும். தண்ணீரை அதற்குப் பிடித்த விதத்தில் வைப்பதும், காய்கிற வரை பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்வதும்தான் நம் வேலை. அந்தப் "பிடித்த விதம்" எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி பேர் சலித்துப்போய், "எங்கள் பறவைக்குத் தண்ணீரே ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் வீட்டில் ஒரு ஜோடி பட்ஜி என்ற சின்னக் கிளிகள், சாம்பு என்ற சாம்பல் நிறக் காக்டெயில் (கொண்டை வைத்த கிளி), மிளகாய் என்ற கன்யூர் கிளி, ஒரு கூட்டம் ஜீப்ரா ஃபின்ச் குருவிகள் இருக்கின்றன. ஒன்று குளிக்கிற மாதிரி இன்னொன்று குளிக்காது.

குளியல் எதற்கு என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன், பிற்பாடு வரும் விதிகள் எல்லாம் அதிலிருந்து வருபவை. உதிர்ந்த இறகு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய இழைகள் கிளம்பும். அவற்றிலிருந்து இன்னும் சின்ன இழைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். பக்கத்து இழையில் கொக்கி மாட்டிக்கொண்டால் இறகு ஒரே தகடாக நிற்கும், சட்டையில் இருக்கும் ஜிப் மாதிரி. தூசி படிந்தால் கொக்கி சரியாக மாட்டாது. நனைந்த பறவை ஒவ்வோர் இறகாக அலகில் பிடித்து இழுத்து நீவுவது அந்த ஜிப்பைத் திரும்பப் போடும் வேலை. வாலின் தொடக்கத்தில், முதுகுப் பக்கமாக, ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பியும் உண்டு. அதில் அலகைத் தேய்த்து எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். அமேசான் கிளிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அந்தச் சுரப்பி இல்லை.

காக்டெயில், காக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, புறா இவற்றுக்கு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சிலவகை இறகுகளின் நுனி நொறுங்கி வெள்ளைத் தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். நான் வேலை செய்யும் மேசையில் இருப்பது கறுப்புக் கீபோர்ட். சாம்பு உட்காரும் இடம் அதற்கு நேர் மேலே. சில நாள் குளியல் தவறினால் கீபோர்டில் விரலால் பெயர் எழுதிவிடலாம். குளித்த மறுநாள் அந்தத் தூள் கண்கூடாகக் குறையும். வீட்டில் மூச்சிழுப்பு, அலர்ஜி உள்ளவர்கள் இருந்தால் இந்த வகைப் பறவைகளின் குளியலைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தப் பறவைக்கு எப்படி

பட்ஜியிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் பேர் வளர்ப்பதும் அதிகம் குழம்புவதும் அதில்தான். பட்ஜியின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே நின்று குளிக்கக் குளம் எல்லா நாளும் கிடைக்காது. பனி இறங்கிய புல்லிலும் இலையிலும் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். அதனால் கிண்ணத்தில் தண்ணீர் வைத்ததும் அது இறங்கவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு கட்டுக் கீரையை நன்றாக அலசி, சொட்டச் சொட்ட ஈரத்தோடு கூண்டின் மேற்கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அல்லது அகலமான லெட்டூஸ் இலையைக் கூண்டுத் தரையில் விரித்து அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முதலில் கடிக்கும், அப்புறம் தலையை நுழைக்கும், அப்புறம் மொத்த உடம்பையும் இலைக்குள் தேய்த்துப் புரளும். கிண்ணத்தை எட்டிக்கூடப் பார்க்காத என் பெண் பட்ஜி, ஈரக் கீரை கண்ணில் பட்டால் தன் ஜோடியை முட்டித் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும். இலையில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் அலசுவதை அரைகுறையாகச் செய்யாதீர்கள். அவகாடோ இலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது பறவைக்கு விஷம்.

ஃபின்ச்சுகளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 1 அல்லது 2 செ.மீ. தண்ணீர் ஊற்றிய தட்டை வையுங்கள், போதும். ஒன்று இறங்கினால் மற்றவை வரிசை கட்டும். அவற்றுக்குத் தினமும் வைக்கலாம். கேனரியும் அப்படித்தான். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸும் கிண்ணத்தில் குதித்து முங்கும் ரகம்.

காக்டெயில் பெரும்பாலும் தூறலை விரும்பும். சாம்புவுக்கு ஸ்ப்ரே பாட்டில்தான். கிண்ணம் வைத்தால் அதில் ஒரு காலை நனைத்துவிட்டு என்னைப் பார்க்கும், அவ்வளவுதான். கன்யூர், மக்காவ், அமேசான் போன்றவை மழைக்காட்டு வம்சம். ஓடும் தண்ணீரின் சத்தம் கேட்டாலே சிறகு விரியும். மிளகாய்க்கு வாக்குவம் கிளீனர் சத்தமே போதும், குடிக்கிற கிண்ணத்தில் தலையை விட்டு அறை முழுக்கத் தண்ணீர் தெறிக்கும். உங்கள் பறவையும் குடிக்கும் கிண்ணத்தில் இப்படிச் செய்தால், குளிக்க இடம் கேட்கிறது என்று அர்த்தம்.

புறாவுக்கு அகலமான தொட்டி வேண்டும், அது காலை மடக்கி உள்ளே உட்கார்ந்து ஒரு சிறகைத் தூக்கிக் குளிக்கும். 8 முதல் 10 செ.மீ. ஆழம் சரியாக இருக்கும், வாரம் ஒருமுறை இரண்டுமுறை போதும். குளித்து முடித்ததும் தண்ணீர் மேல் வெள்ளைப் படலம் மிதக்கும். அழுக்கில்லை, அந்த இறகுத் தூள்தான். காடை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது, காடை மண்ணில் புரண்டு குளிக்கும் பறவை. உலர்ந்த மணல் தட்டு ஒன்று வைத்துவிடுங்கள்.

பாத்திரமும் தண்ணீரும்

கவிழாத, கனமான, அகலமான பீங்கான் தட்டு நல்லது. வழுவழுப்பான அடிப்பகுதியில் பறவைக்குக் கால் நிற்காது. ஒருமுறை வழுக்கினால் மறுபடி இறங்க யோசிக்கும். ஒரு தட்டையான கல்லை நடுவில் போட்டுவையுங்கள். கல் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். ஆழத்துக்கு எளிய கணக்கு: தட்டில் நின்றால் தண்ணீர் வயிற்றைத் தாண்டக் கூடாது. பட்ஜிக்கு 2 செ.மீ., காக்டெயிலுக்கு 3 அல்லது 4 செ.மீ. சிறகு வெட்டிய பறவைக்கு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், தடுமாறினால் அதனால் எம்பி வெளியே வர முடியாது.

தண்ணீர் நீங்கள் குடிக்கிற தரத்தில் இருக்க வேண்டும், குளிக்கும்போதே அது குடிக்கவும் செய்யும். அறைச் சூட்டிலேயே இருக்கட்டும். குளிர் நாளில் வெதுவெதுப்பாக்கலாம். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது. சூடான தண்ணீர் இறகின் எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடும்.

சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம், குழந்தைகளுக்கான ஷாம்புவும்தான். எண்ணெயும் போய், மிச்சமிருக்கும் சோப்பும் இறகு கோதும்போது வயிற்றுக்குள் போகும். வாசனைப் பொருள், கிருமிநாசினி, மூலிகைச் சாறு, "பளபளப்புக்கு இரண்டு சொட்டு எண்ணெய்" என்று யார் என்ன சொன்னாலும் தண்ணீரில் கலக்காதீர்கள். இறகில் எண்ணெய் ஒட்டினால் அது உடல் சூட்டைப் பிடித்துவைக்கும் தன்மையையே இழந்துவிடும். பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம். கடையில் "பறவைக் குளியல் திரவம்" என்று பாட்டிலில் கிடைப்பவற்றையும் நான் வாங்குவதில்லை. வெறும் தண்ணீர் செய்யாத எதையும் அவை செய்துவிடப்போவதில்லை.

ஸ்ப்ரே அடிப்பவர்கள் புதுப் பாட்டில் வாங்குங்கள். தரை துடைக்கும் திரவம் இருந்த பாட்டிலை எத்தனை முறை கழுவினாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். முனையை மெல்லிய தூறலுக்குத் திருப்பி, பறவையின் தலைக்கு மேலே காற்றில் அடியுங்கள். துளிகள் தானாக அதன் மேல் இறங்க வேண்டும். முகத்துக்கு நேரே அடித்தால் எந்தப் பறவைக்கும் பிடிக்காது. நாலைந்து முறை அடித்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். சிறகைத் தூக்கி, வாலை விசிறியாக விரித்து, உடம்பை உப்பிக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்டினால் "இன்னும் அடி" என்று கேட்கிறது. உடம்பை ஒடுக்கி, இறகு ஒட்டிப்போய், கம்பியோடு கம்பியாக விலகினால் பாட்டிலைக் கீழே வையுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். காக்டெயிலுக்குக் கொண்டை தலையோடு ஒட்டிப்போய், கூடவே உஸ்ஸென்று சத்தமும் வந்தால் அது கோபம்.

இன்னொன்று. பறவை கத்தினால் வாயை அடைக்க ஸ்ப்ரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கத்தல் அதனால் நிற்காது; தண்ணீரைக் கண்டு பயப்படும் பறவைதான் மிஞ்சும். அப்புறம் எதைக் கொண்டு குளிக்க வைப்பது?

கைப்பழக்கம் உள்ள பெரிய பறவைகளை நீங்கள் குளிக்கும்போதே குளியலறைக்குக் கூட்டிப்போகலாம். சுவரில் ஒட்டும் குச்சி ஒன்றில் உட்கார வைத்து, ஷவர் நேரே விழாமல் சாரல் மட்டும் படுகிற இடத்தில் நிறுத்துங்கள். போகும் முன் வாளித் தண்ணீரை மூடுங்கள் அல்லது கொட்டுங்கள், வழுக்கும் சுவர் கொண்ட வாளியில் விழுந்த பறவையால் ஏறி வர முடியாது. டாய்லெட் மூடியும் மூடியிருக்கட்டும். சோப்பு நுரை தெறிக்கும் நேரம் அதற்கு ஏற்றதில்லை, நீங்கள் தேய்த்துக் குளித்து முடித்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது, எத்தனை முறை

காலை வேளை, தள்ளிப்போனால் மதியத்துக்கு முன். உறங்கும் நேரத்துக்குள் தோல் வரை காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஈரத்தோடு இரவு குளிரில் உட்கார வைக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தால் பெரும்பாலான பறவைகளுக்குப் போதும். வெயில் காலத்திலும், ஏசி ஓடி அறைக் காற்று வறண்டிருக்கும்போதும் கூட்டிக்கொள்ளலாம். நீங்கள் வைத்தும் அது குளிக்கவில்லை என்றால் பரவாயில்லை, குளியல் அதன் விருப்பம்.

கிண்ணத்தை அரைமணி நேரத்துக்கு மேல் கூண்டுக்குள் விடாதீர்கள். எச்சமும் தீவன உமியும் விழுந்த தண்ணீரையே அது திரும்பக் குடிக்கும். எடுத்ததும் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். ஸ்ப்ரே பாட்டிலில் மீதித் தண்ணீரை அப்படியே விட்டுவைப்பது இன்னும் மோசம். ஈரமான குழாய்க்குள் கிருமிகள் வளர்ந்து, அடுத்த முறை அதைத்தான் பறவையின் மூக்கருகே தூவுவீர்கள். ஒவ்வொரு முறையும் காலி செய்து திறந்து காயவையுங்கள்.

குளிக்கும் முன் அறையில் செய்ய வேண்டியது: மின்விசிறியை அணைப்பது, ஜன்னலைச் சாத்துவது. நனைந்த பறவை பாரத்தோடு கோணல்மாணலாகப் பறக்கும், மேலே சுற்றும் விசிறியிலிருந்து விலகத் தெரியாது. இதைச் சொன்னால் "எங்கள் வீட்டில் அப்படி நடந்ததில்லை" என்பார்கள். ஒருமுறை நடந்தால் போதுமே.

காயவைப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நனைந்த பறவை உதறும், கோதும், வெளிச்சத்துக்குத் திரும்பி உட்காரும். கொஞ்சம் நடுங்கலாம், தசையை அசைத்துச் சூடு உண்டாக்குகிறது, பயப்பட வேண்டாம். இளவெயில் கிடைத்தால் நல்லது, ஆனால் கூண்டின் பாதியில் நிழல் இருக்கட்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நிழலில்லாத வெயிலில் அலகைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கிக்கொண்டு இரைக்கத் தொடங்கினால் உடனே உள்ளே கொண்டுவாருங்கள். விசிறிக் காற்றும் ஏசி காற்றும் நேரே படக் கூடாது. துண்டால் அழுத்தித் துடைத்தால் இறகு முறியும், மேலோட்டமாக ஒற்றி எடுக்கலாம்.

ஹேர் டிரையரை நான் அந்த அறைக்குள்ளேயே விடுவதில்லை. சில டிரையர்களிலும் ஹீட்டர்களிலும் உள்ளே நான்ஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதிகச் சூட்டில் அதிலிருந்து வரும் வாயு நம் மூக்குக்குத் தெரியாது. பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அடுப்பில் காயும் நான்ஸ்டிக் வாணலிக்கும் இதே கதைதான், சமையலறைப் பக்கம் கூண்டு வைத்திருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பயப்படும் பறவைக்கு

அவசரப்படுத்தாமல் இருப்பதுதான் முக்கால்வாசி வேலை. கிண்ணத்துக்குப் பயந்தால், காலிக் கிண்ணத்தைக் கூண்டுத் தரையில் வைத்து அதில் தினை போடுங்கள். அதற்குள் நின்று தின்னப் பழகிய பிறகு, அடி மட்டும் நனைகிற அளவு தண்ணீர். பிறகு ஓர் இலை. பாட்டிலுக்குப் பயந்தால் அதைக் கூண்டுக்குத் தள்ளி, கண்ணில் படும் இடத்தில் சில நாள் சும்மா வைத்திருங்கள். அப்புறம் உங்கள் கை மேலேயே அடித்துக் காட்டுங்கள். மிளகாயை நான் இப்படித்தான் பழக்கினேன். என் கையில் விழுந்த துளிகளைக் குடிக்க வந்தது, அப்படியே தோளோடு நனைந்துகொண்டது. குளிக்கும் பறவை இன்னொன்று இருந்தால் அதன் பக்கத்தில் கூண்டை வையுங்கள். பறவைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்பவை, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இறகு உதிர்க்கும் காலத்தில் குளியலை விட்டுவிடாதீர்கள். புதிய இறகு ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு முளைக்கும். ஈரம் பட்டால் உறை இளகி, கோதும்போது சுலபமாகக் கழன்று விழும். தலையிலும் கழுத்திலும் அலகு எட்டாது என்பதால் அங்கே உங்களைச் சொறியச் சொல்லி வந்து நிற்கும். வளரும் இறகின் அடியில் ரத்த ஓட்டம் இருக்கும், அழுத்தினால் வலிக்கும். உறை வெள்ளையாகக் காய்ந்திருக்கும் நுனியை மட்டும் விரலால் நெருடிவிடுங்கள். முட்டை மேல் உட்காரும் பறவை குளித்துவிட்டு ஈர வயிற்றோடு கூடாக வைத்திருக்கும் பானைக்குள் போனால் தடுக்க வேண்டாம், முட்டைக்குக் கொஞ்சம் ஈரப்பதம் தேவை.

குளியல் வேண்டாத நேரங்கள்: வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகாத பறவை, இறகு முளைக்காத குஞ்சு, காயம் அல்லது ரத்தம் கசியும் பறவை, பகலிலும் உப்பிக்கொண்டு கண்ணை மூடித் தூங்கி வழியும் பறவை. கடைசியில் சொன்னது சோம்பல் இல்லை, பெரும்பாலும் நோய். சுறுசுறுப்பு வரட்டும் என்று அதன் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். குளித்த பறவையே காய்ந்த பிறகும் இப்படி உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால், கூண்டின் மூன்று பக்கம் துணி போர்த்தி வெதுவெதுப்பாக வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் அதன் மேல் வைத்தால் இளகிவிடும். ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருப்பதையும் அப்படியே துடைத்துவிடலாம், ஆனால் அது மறுபடி மறுபடி வந்தால் வயிற்றில் கோளாறு, குளியலால் தீராது. அலகைச் சுற்றிச் சொரசொரப்பான வெள்ளைப் படிவு படர்வதும் அப்படித்தான். பட்ஜிகளுக்கு வரும் அந்தப் படிவுக்குக் காரணம் தோலுக்குள் வாழும் நுண்ணிய உண்ணி. அதற்கு மருந்து வேண்டும்.

சோப்பு தேவைப்படும் ஒரே ஒரு சந்தர்ப்பம், பறவை சமையல் எண்ணெயிலோ கிரீஸிலோ விழுந்துவிட்டால். அப்போதும் நீங்களாகத் தேய்க்கத் தொடங்காதீர்கள். அலகால் கோதி எண்ணெயை விழுங்கிவிடாதபடி, மார்பை இறுக்காமல் மெல்லிய துண்டில் தளர்வாகச் சுற்றி, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து நேரே மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு சோப்பு, எத்தனை முறை அலச வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.